தழும்பு எவ்வளவு பெரிசு?

"கிழிக்கக் கூடாது டாக்டர். துளை போட்டு மட்டும்தான் செய்யணும்."

ஆரோக்கியசாமி மறுபடியும் இதையேதான் சொன்னார்.

புனேக்குப் பக்கத்தில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். மனைவி போனபின் ஒரே மகள் லீலாவைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் பித்தப்பையில் கல் என்று வந்து படுத்துவிட்டாள்.

தொண்ணூற்றாறில் புனேயில் துளை ஆபரேஷன் புதுசு. டாக்டர் சாவந்த் இந்தியில் பொறுமையாக விளக்கினார்.

"துளை வழியா கேமரா விட்டுத்தான் ஆரம்பிப்பேன். வலி குறைவு. சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா உள்ளே வீங்கி ஒட்டிக்கிட்டிருந்தா, எது பித்தப்பைக் குழாய், எது ஈரல் குழாய்னு தெரியாது. அப்போ வயித்தைத் திறந்து நேராப் பார்த்துச் செய்யறதுதான் பத்திரம். தேவைப்பட்டா திறக்கலாம்னு இப்பவே சம்மதம் வேணும்."

"என்கூட வேலை செய்யற பாலசுப்ரமணியன் சம்சாரத்துக்குத் துளையிலதானே செஞ்சாங்க? ஒரே வாரத்துல எழுந்து சப்பாத்தி போட்டாங்க! இன்னொரு ஆஸ்பத்திரியில துளை மட்டும்தான்னு உறுதியாவே சொல்றாங்க."

"எல்லார் வயிறும் ஒண்ணு இல்லை. அப்படி உறுதி கொடுக்கிற டாக்டரைப் பார்த்தா எனக்கே பயம்."

ஆரோக்கியசாமி எழுந்தார்.

துளை என்றால் புள்ளி புள்ளியாகச் சின்ன அடையாளம். திறந்தால் விலாவுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. மணவறைக்குப் போகவேண்டிய பெண் வயிற்றில் தையலோடு நின்றால், மாப்பிள்ளை ஜானின் வீட்டில் என்ன சொல்வார்கள்? லீலாவுக்கு உடம்பு சரியில்லை என்பதையே அவர்களிடம் மறைத்திருந்தார்.

வார்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லீலாவின் கட்டிலருகே ஜானின் அம்மா பிலோமினா.

"கோயில்ல சொன்னாங்க அண்ணே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சின்ன விஷயம்தான்மா... உங்களை ஏன் சிரமப்படுத்தணும்னு..."

பிலோமினா சிரிக்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை நிறுத்தி மராத்தியில் கேட்டாள்.

"வயித்தைத் திறந்தா தழும்பு எவ்வளவு பெரிசா வரும் டாக்டர்? எந்த இடத்துல?"

டாக்டர் தன் சட்டை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவள் கிட்டப் போய் உன்னிப்பாகப் பார்த்தாள்.

"மறையவே மறையாதா?"

"மங்கும். மறையாது."

ஆரோக்கியசாமிக்கும் மராத்தி புரியும். மாடு பிடிக்க வந்தவங்க சுழி பார்க்கிற மாதிரி பார்க்கிறாளே!

"அண்ணே, கொஞ்சம் வெளியே இருங்க. லீலாகிட்ட தனியா பேசணும்."

வராந்தாவில் நடந்தார். கதவு சாத்தியே இருந்தது. பிலோமினா வெளியே வந்தவள், "வர்றேன் அண்ணே" என்று மட்டும் சொல்லி, முகம் பார்க்காமல் போய்விட்டாள்.

உள்ளே லீலாவின் கண்கள் சிவந்திருந்தன.

"என்னம்மா சொன்னாங்க? கல்யாணம் வேண்டாம்னுட்டாங்களா?"

"ஆபரேஷன் முடியட்டும்ப்பா. சொல்றேன்."

அவருக்கு அதுவே பதிலாகப்பட்டது.

டாக்டர் லீலாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, "நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம்" என்றார். துளை மட்டும் போட ஒருவழியாக டாக்டர் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தார் ஆரோக்கியசாமி.

மறுநாள் தியேட்டர் வாசலில் ஜெபமாலையை உருட்டினார். எந்த மணியில் இருக்கிறோம் என்று மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். லீலாவுக்குப் பிறகு உள்ளே போனவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் ஓடிப்போய் ரத்த பாட்டிலோடு திரும்பினாள். "சிஸ்டர், என் பொண்ணு..." என்று எழுந்தார். கதவு மூடிக்கொண்டது.

கடைசியில் டாக்டர் வந்தார். களைத்துப்போயிருந்தார்.

"திறக்க வேண்டியதாப் போச்சு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்தது. துளை வழியாவே பிடிவாதமா வெட்டியிருந்தா, ஈரல் குழாய் போயிருக்கும். பிழைச்சிருந்தாலும் ஆயுசு பூரா அவஸ்தை. இனிமே பயமில்லை."

"நான் சம்மதிக்கலையே டாக்டர்!"

"உங்க பொண்ணு சம்மதிச்சா. மேஜர் பொண்ணு. அவ வயித்துக்கு அவ வார்த்தை போதும்."

மயக்கம் தெளிந்து லீலா கண் திறந்தபோது, அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கல்யாணம் நின்னா நிக்கட்டும்மா. எனக்கு நீ இருந்தா போதும். நான்தான் புத்தி கெட்டுப்போய்..."

"யாருப்பா நிறுத்தப் போறா? டாக்டர்கிட்ட சம்மதம் சொல்லுன்னு சொன்னதே அத்தைதான். முன்னாலயே சொன்னா தடுத்துடுவீங்கன்னுதான் மறைச்சோம்."

ஆரோக்கியசாமிக்குப் புரியவில்லை.

"அப்புறம் எதுக்கு அந்தத் தழும்பைப் பத்தி அவ்வளவு துருவித் துருவிக் கேட்டாங்க?"

லீலா வலியோடு சிரித்தாள்.

"எனக்குக் கல்யாண ப்ளவுஸ் தைக்கக் கொடுத்திருக்காங்கப்பா. எவ்வளவு இறக்கி வைக்கணும்னு டெய்லர்கிட்ட சொல்லணுமாம். 'எங்களுக்கு ஒண்ணுமில்லடி, ஆனா பந்தல்ல நாலு பேர் ஏதாவது சொல்லி உங்கப்பா தலை குனிஞ்சிடக் கூடாது'ன்னாங்க."