மருந்து கொட்டும் நேரம்

வெடிமருந்து கொட்டிச் சுடும் தாத்தா காலத்துக் கைத்துப்பாக்கியைத் தோட்டா போட்டுச் சுடும்படி மாற்றித் தரச் சொல்லி, பட்டறைக்கார இப்ராகிமிடம் கொடுத்திருந்தான் சூசை. மறுநாள் அவன் மனைவி ரெஜினா தனியாக வந்தாள்.

“அதை மாத்தாதீங்க, பாய்.”

இப்ராகிம் சிரித்தார். “மருந்து கொட்டி, குண்டை இடிச்சு, பொறி கிளப்புற கேப்பு மாட்டுறதுக்குள்ள காட்டுப்பன்னி கிழங்கைத் தின்னுட்டுப் படுத்துத் தூங்கிடுதாம். உன் வீட்டுக்காரர்தான் சொன்னாரு.”

“கோவம் வந்தா என்னைச் சுடத்தான் அதை எடுப்பாரு. மருந்து கொட்டும்போது கை நடுங்கும். குண்டை இடிக்கும்போது அழுதுடுவாரு. கேப்பு வரைக்கும் போனதே இல்ல.”

“அதுவரைக்கும் நீ எங்கம்மா இருப்பே?”

“எதிர்லதான். சிந்துன மருந்தைத் தொடைக்கணும்ல.”

இப்ராகிம், தோட்டா போடுவதற்காகச் செய்துவைத்திருந்த புதிய உருளையை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். பழைய துப்பாக்கியைத் திருப்பித் தரவும் அவருக்குக் கை எழவில்லை.