பச்சைக்கும் ரோஸுக்கும் நடுவில் மங்களா

சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் சாந்த் பாஷாவுக்கு வலது தோள்பட்டை குத்துகிறது. விடிந்ததிலிருந்து குருக்கள் வீட்டுக் கூடத்தில் பழைய நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். சுரண்டிய சுவரில் இப்போது இரண்டு பட்டைகள் ஈரமாக மினுங்குகின்றன. ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். நாளைக்கு மங்களாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் அம்மா அகிலாண்டம் அவளைத் தோளைப் பிடித்துப் பச்சைக்கு முன்னால் நிறுத்துகிறாள், ரோஸுக்கு நகர்த்துகிறாள், மறுபடியும் பச்சைக்கே இழுக்கிறாள். "எதுல கலரா தெரியறா? பார்த்துச் சொல்லுங்கோ பாஷா." பாஷா பெண்ணைப் பார்க்காமல் சுவரையே பார்க்கிறார். "காஞ்சா ரெண்டுமே வெளுத்துடும்மா. ஈரத்துல பார்த்து என்னான்னு சொல்றது?" அகிலாண்டம் ஜன்னலைச் சாத்துகிறாள். இருட்டில் இரண்டும் ஒன்றாகிவிட, திறக்கிறாள். வெயில் விழுந்த இடத்தில் ரோஸ் அதற்குள் காய்ந்து வெள்ளையாகப் போயிருக்கிறது. அதை ஒட்டி நிற்கும் மங்களாவின் கன்னம் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. "அப்போ பச்சைதானோ?" என்கிறாள் அகிலாண்டம், யாரிடமென்று இல்லாமல். "சுவருதாம்மா வெளுக்கும். நான் அப்படியேதான் இருப்பேன்" என்கிறாள் மங்களா. பாஷாவுக்கு வந்த சிரிப்பு சுண்ணாம்புத் தூளில் இருமலாகிறது. கதவுக்குப் பின்னால் இன்னும் ஒரு முழம் நீலம் சுரண்டாமல் கிடக்கிறது. அதுவும் போன தையில் பெண் பார்க்க வந்தவர்களுக்காக இவர் அடித்ததுதான். பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்து, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். அந்தக் கடுதாசி இன்னும் பாக்கி.