முதலில் வாய் திறப்பவன்

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கடைவீதியே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வீதிக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரியில் அணுக்கழிவை இரும்புப் பீப்பாய்களில் அடைத்துப் புதைக்கப் போகிறார்களாம். எங்கள் வீட்டுக் குழாய்களில் வருவது அந்தக் குவாரித் தண்ணீர்தான். கழிவின் வீரியம் அடங்கப் பல்லாயிரம் வருஷம் ஆகும் என்றார் அதிகாரி. பீப்பாய் தாங்கும் என்றும் அவரேதான் சொன்னார். நாங்கள் விற்கும் குக்கருக்கே ஒரு வருஷத்துக்கு மேல் உத்தரவாதம் கிடையாது.

ஆனாலும் பேசவில்லை.

பேரத்தில் முதலில் வாய் திறப்பவனுக்குத்தான் நஷ்டம். பிடிக்கவில்லையா, கல்லு மாதிரி உட்கார்ந்திரு. எதிராளிக்கு உதறல் எடுக்கும். 'சரி, வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்' என்று அவரே சொல்லட்டும். இந்த யோசனை பாத்திரக்கடைக்காரருடையது.

அவர் மருமகள் மட்டும் எழுந்தாள். ஏழு மாதம். ஒரு கை வயிற்றில். மறு கை மைக்கை நோக்கி நீண்டது.

பாத்திரக்கடைக்காரர் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரும்மா. காரியத்தக் கெடுத்துடாத. அவரே இறங்கி வருவாரு."

உட்கார்ந்தாள்.

அதிகாரி ஃபைலை மூடிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

யாரும் அசையவில்லை. இப்படிப் பேரம் படியாமல் கடைப்படி இறங்கியவர்கள் எத்தனை பேர்! நாலு எட்டு வைப்பார்கள், பிறகு திரும்புவார்கள்.

"கார் கதவத் தொடட்டும், திரும்பி வருவான் பாரு" என்று முணுமுணுத்தார் பூட்டுக்கடைக்காரர்.

திரும்பித்தான் வந்தார்.

வீதியே நிமிர்ந்து உட்கார்ந்தது. பாத்திரக்கடைக்காரர் மருமகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அதிகாரி மேஜைமேல் மறந்துபோயிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதன் வழியாக எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன ஊர்லெல்லாம் கல்லடிதான். ஒருத்தர்கூட எதிர்க்காம ஒத்துக்கிட்டது நீங்கதான். ரொம்ப நன்றிங்க."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். அப்போதும் ஒருவரும் பேசவில்லை. பழக்கதோஷம்.

பாத்திரக்கடைக்காரர் மருமகளின் முழங்கையை இன்னும் விடவில்லை.

"மாமா" என்றாள். "இப்பப் பேசலாமா?"