முன் சக்கரத்து எலுமிச்சை

பந்தயக் காருக்குக் காலையிலிருந்தே ஒரே கவலை. இந்த சீசனின் முதல் பந்தயம் அன்றைக்குத்தான். என்ஜின் புதுசு, பெயின்ட் புதுசு, பயம் மட்டும் போன வருடத்தது.

ஷெட்டை விட்டுக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. சூடம் காட்டியாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

வலது முன் சக்கரத்தை ஒட்டியிருந்த பழத்திடம் கார் புலம்ப ஆரம்பித்தது.

"முதல் வளைவுலயே எவனாவது வந்து இடிச்சிட்டா?"

"இடிக்க மாட்டாங்க" என்றது எலுமிச்சை.

"பிரேக் பிடிக்கலைன்னா? மழை வந்துட்டா? போன வருஷம் எட்டாவது சுற்றுலயே புகை வந்து நின்னுட்டேன். அத்தனை பேரும் பார்த்தாங்க."

"பாவம்தான்."

"இன்னைக்கு நாற்பது சுற்று ஓடணும். உனக்கென்ன, சும்மா உட்கார்ந்திருக்கே."

எலுமிச்சை தன்மேல் கவிந்திருந்த டயரை அண்ணாந்து பார்த்தது. "எனக்கு அரைச் சுற்றுகூடக் கிடையாது" என்றது மெதுவாக.

அது காரின் காதில் விழவில்லை. அதற்குள் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது. கார் அவசரமாகக் கேட்டது.

"உண்மையைச் சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க."

கார் நகர்ந்தது.

"நிஜமாவா சொல்றே?" என்று அது கேட்டபோது ஷெட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது.

பதில் இல்லை. எலுமிச்சைக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, கார் இன்னும் கொஞ்சம் பயந்தது.