கையெழுத்து இல்லாமல்

“யோவ், குழந்தை உள்ள இருக்குய்யா! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

வெள்ளைக் காரின் கூரையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. கடைத்தொகுதியின் பின்புறம், அடுத்த வண்டியின் சக்கரத்தருகே குனிந்திருந்த பூட்டுக்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

அந்தக் காரின் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டை மாட்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைத்தொகுதிக்கு வருகிறவர்களுக்கான இந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு எதிர்ச்சாரிக் கடைகளுக்கு நழுவுகிறவர்கள் கட்டும் அபராதம்தான் அவருக்குப் படியளக்கிறது. பூட்டும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததைக்கூடக் கவனித்தார். சாவியை எடுக்கக்கூடத் தோன்றாத அவசரக்காரன், நன்றாக அனுபவிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டேதான் பூட்டினார். உள்ளே மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஆள் பின்கதவைத் திறந்து காட்டினான். போர்வைக்குள் நாலு வயதுப் பெண் குழந்தை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் ஆள் இருந்தால் பூட்டக் கூடாது என்பது நகராட்சி விதி. போன மாதம்தான் ஒரு கிழவரை உள்ளே வைத்துப் பூட்டி எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு புகார் போனால் உரிமம் பறிபோகும், வீட்டில் அடுப்பு எரியாது.

“மன்னிச்சுக்குங்க சார். கண்ணாடி கறுப்பா இருந்துச்சு, தெரியல.”

“தெரியலையா? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா யாருய்யா பதில் சொல்றது? நகராட்சிக்குப் போன் போடட்டுமா?”

“ஐயோ, வேணாம் சார்! உங்க கால்ல வேணா விழறேன்.”

பதிவுப் புத்தகத்தை எடுத்தார். பூட்டைத் திறப்பதற்கும் ஒரு விதி உண்டு. “வண்டிப் புத்தகத்தையும் லைசென்ஸையும் காட்டிட்டு, இங்க ஒரு கையெழுத்து மட்டும்...”

“தாராளமா போடறேன். குழந்தைய உள்ள வச்சுப் பூட்டினேன்னு நீயும் அதுலயே எழுதிடு.”

பூட்டுக்காரர் புத்தகத்தை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். “எழுத்துல எதுக்கு சார்? நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்.”

“சரி, பொழச்சுப் போ. சீக்கிரம் திற.”

பூட்டு கழன்று விழுந்த சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. “அம்மாகிட்டப் போகணும்...”

“இவங்கம்மா ஊருக்குப் போயிருக்கா. நாலு நாளா இதே பாட்டுதான்” என்று சலித்துக்கொண்டான் அவன்.

பூட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. செய்த தப்புக்குப் பரிகாரமாகத் தானே குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். “அழாத கண்ணு, அப்பா கூட சமத்தாப் போகணும்.” கதவைச் சாத்தினார். போதாததற்குத் தெருவில் வந்த வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி வழியும் விட்டார். கார் பறந்தது.

அப்பாடா என்றிருந்தது. இப்படிப்பட்ட நல்ல மனுஷர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்தபடி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

எதிர்ச்சாரி மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த மஞ்சள் பூட்டைப் பார்த்தாள்.

“அண்ணே, என் வண்டிய எங்கண்ணே இழுத்துட்டுப் போனாங்க? உள்ள என் பொண்ணு தூங்கிட்டிருக்கா!”