எழுபத்தெட்டு கிலோ

மேசை விளிம்பைத் தாண்டி அளவுகோல் முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விழவில்லை. வால் பக்கத்தில் சர்க்கரை டப்பா உட்கார்ந்திருந்தது.

"இதுதான் பாலம். மேசை நம்ம கரை. உங்க முழங்கால் எதிரியோட கரை" என்றார் ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர்.

எதிரே சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். போர்ப் பதக்கத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று கேட்டது அவர்தான்.

பெட்டிக்குள் பதக்கம் கறுத்துப் போயிருந்தது. பொறியாளரின் மனைவி அதைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்தப் பெட்டியை அவர் யாரையும் தொடவிட மாட்டார். இன்று பாலம் கட்டும் மும்முரத்தில் மறந்துவிட்டார்.

கதை அவளுக்கு மனப்பாடம்.

பாலத்தை நம் கரையிலேயே முழுசாகக் கோத்து, உருளைகள்மேல் வைத்துத் தள்ளவேண்டும். மூக்கு எதிர்க்கரையைத் தொடும்வரை வால்தான் கனமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தலைகுப்புற ஆற்றில். அன்று வாலில் ஏற்ற இரும்பு இல்லை. அதனால் ஆட்களை ஏற்றினார்கள். மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக நிறுத்து, பன்னிரண்டு பேர்.

"பாதி ஆறு தாண்டியாச்சு, வால் தூக்குது! பார்த்தா, இந்த ஐயா போட்ட கணக்குல எழுபத்தெட்டு கிலோ குறையுது. நானோ அறுபத்துநாலு. ஓடிப்போய் ஏறி, மடியில பதினாலு கிலோ மண் மூட்டைய வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சுடறான், இந்தப் பக்கம் நான் மூட்டையக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன். அந்தப் போர்ல கால் வச்சவனுக்கெல்லாம் குடுத்த பதக்கம் இது. நான் வச்சது கால்கூட இல்ல!"

"என்னைக் கூப்பிட்டிருந்தா ஒரே ஆளோட வேலை முடிஞ்சிருக்குமே!" சம்பந்தி வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

மனைவியும் வழக்கம்போலச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் தூசு தட்டினாள். அடியில் ஒட்டியிருந்த வெல்வெட் துணி கழன்று வந்தது.

கீழே, நான்காக மடித்த கட்டம் போட்ட தாள். அவர் கையெழுத்து.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு எடைகள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். கண் தானாகவே கூட்டியது. மேலே குறித்திருந்த தேவையான எடையும் மொத்தமும் ஒரு கிலோ பிசகாமல் பொருந்தின.

பன்னிரண்டாவது வரி: சமையல்காரர் – 78.

அந்த வரியை அடித்து ஒரு கோடு. கோட்டின் முனையில் மணி: காலை 10.40.

அதற்குக் கீழே, கோணலான எழுத்தில்: நான் 64 + மண் 14.

"அதுசரி, தராசுல நிறுத்துப் பார்த்துத்தானே ஏத்துனீங்க? அப்புறம் எப்படிக் கணக்கு தப்பும்?"

கேட்டுக்கொண்டே சம்பந்தி டீக்குச் சர்க்கரை போட டப்பாவை எடுத்தார்.

பொறியாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மனைவியின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். 

அளவுகோலின் மூக்கு சரியத் தொடங்கியது.

அவள் சட்டென்று அதன் வாலில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

"அவருக்குக் கூட்டல் வராதுங்க சம்பந்தி. நாப்பது வருஷமா நான்தானே பார்க்கறேன்" என்றாள், விரலை எடுக்காமல்.