புல் முடிச்சு

இடுப்பு காலையிலேயே பிடித்துக்கொண்டது.

காப்பி மூட்டை சுமந்த இடுப்பு. குளிர் இறங்கினால் அதற்குத்தான் முதலில் தெரியும்.

அவள் நிற்கவில்லை. நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்பார்கள். நின்றால் கேட்பார்கள்.

ஐப்பசி கடைசி. தோட்டம் முழுக்க ஈரம். காளான் பூக்கிற, பழக்கப்பட்ட புற்றையெல்லாம் காட்டியாகிவிட்டது. எல்லாவற்றிலும் மண்தான். இடி இடித்தது, மழை பெய்தது, காளான் மட்டும் எழும்பவில்லை.

வந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், நான்கு பேர். கழுத்தில் பைனாகுலர். பறவை பார்க்கலாம், காளான் பறிக்கலாம் என்று விடுதிப் பலகையில் எழுதியிருந்ததை நம்பி வந்தவர்கள். இதுவரை பார்த்தது காலில் ஏறிய அட்டையைத்தான்.

கடைசியாக ஜீப்காரன் குருசாமி, பாக்கெட்டில் கையை விட்டபடி.

"பெருமாயிக்கா, பேசாம அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அருவின்னா போட்ட எடத்துல கெடக்கும். ஒன் காளான் மாதிரி ஒளியாது."

கோயம்புத்தூர்க்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

நேற்றுக் குழாயடியில் வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, விடுதிக்காரர் சொல்லிவிட்டார். நாளைக்கும் வெறுங்கை என்றால் இனி வருகிறவர்களெல்லாம் அருவிக்கே போகட்டும்.

அப்புறம் அவளுக்கு மூட்டைதான். மூட்டைக்கு இந்த இடுப்பு ஆகாது.

அப்போது மதினியும் அங்கேதான் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பொண்டாட்டி. திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு புற்று இருந்தது. ஓடைக்குக் கீழே, பலா மரத்தடியில்.

அது மதினி கண்ட புற்று.

காளானுக்குப் பட்டா கிடையாது. காலையில் முதலில் கண்டவள் புற்றோரத்துப் புல்லை இழுத்து ஒரு முடிச்சுப் போடுவாள். முடிச்சுக் கிடந்தால் அடுத்தவள் தொட மாட்டாள். முடிச்சு இல்லாவிட்டால் பறிக்கலாம். ஆனால் புற்றை முதன்முதலாகக் கண்டது யாரென்று தெரிந்தால், பாதி அவள் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே பறித்தபோது முடிச்சு இல்லை. புல்லே இல்லை. மாடு மேய்ந்திருந்தது.

மதினி நம்பவில்லை.

"அவுத்துட்டுத்தான பறிச்ச," என்றாள். அதுவும் குழாயடியில் வைத்துத்தான்.

வந்த ஆத்திரத்தில் அவள் பாதியைக் கொடுத்தனுப்பவில்லை. முழுசையும் தானே ஆக்கித் தின்றாள். இறங்கவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

அவள் ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"அங்கிட்டு எதுக்குக்கா? அது ஒங்க மதினி புத்துல்ல. முடிச்சுக் கெடந்தா என்ன செய்வ?"

"கெடந்தா திரும்பி வருவேன். நீ வாய மூடிக்கிட்டு வா."

இறக்கம். வேரைப் பிடித்து இறங்கினாள். வேர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து சறுக்கினாள். சேலையெல்லாம் சேறு. இடுப்பு என்னவோ சொன்னது. அவள் காதில் வாங்கவில்லை.

பலா தெரிந்ததும் கையை உயர்த்தினாள்.

புற்று வெள்ளையாக இருந்தது. குடை விரித்ததும் விரிக்காததுமாய்ச் சோறு இறைத்த மாதிரி.

அதற்கு முன்னால் ஒரு குருவி, சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு. வாலே இல்லாத மாதிரி ஒரு வால். அதனடியில் சிவப்பு.

"ஆறுமணிக்குருவி," என்றாள், மூச்சோடு மூச்சாக. "அசையாதீங்க."

தானும் குத்தவைத்தாள். இடுப்பில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அசையவில்லை.

நான்கு பேரும் குருவியைப் பார்த்தார்கள். குருசாமிகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

அவள் புல்லைப் பார்த்தாள்.

முடிச்சு இல்லை.

ஆனால் புல் நேராக நிற்கவில்லை. நடுவில் மடிந்து நெளிந்திருந்தது. மடிந்த இடம் இன்னும் வாடவில்லை. மாடு கடித்தால் புல் இப்படி இருக்காது.

கை போட்ட முடிச்சு. கைதான் அவிழ்த்திருந்தது.

அதனடியில், ஈர மண்ணில், மேலே ஏறிப் போன ஒரு வெறுங்கால் தடம். பெருவிரல் ஒதுங்கிய கால். அந்தக் காலுக்கு அண்ணன் கல்யாணத்தன்று மருதாணி வைத்தவளே அவள்தான்.

குருவி பறந்து போனது.

"பறிக்கலாமா அக்கா?"

"பறிங்க. திருகி எடுக்கணும், இழுக்கக் கூடாது. மொட்ட விட்ருங்க."

பறித்ததை அவளே இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி கூடைக்குப் போனது. மறு பாதியைத் தேக்கிலையில் சுற்றி மடியில் கட்டினாள்.

"அதையும் சேர்த்துச் சமைக்கலாமே?" என்றாள் கோயம்புத்தூர்க்காரி.

"அது எங்க மதினிக்கு."

குருசாமி நிமிர்ந்து பார்த்தான். அவள் அதற்குள் மேட்டில் கால் வைத்துவிட்டாள். இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு, அந்தத் தடத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஏறினாள்.

இன்றைய பாதி மடியில் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பாதி இன்னும் பாக்கி.